வடகவுஞ்சியில் நான் செய்த முதல் ஜப்தி

கையில் கோர்ட்டு உத்தரவும் தலையில் ஜரிகைத் தலைப்பாகையும் கிடைத்துவிட்டால் எந்தக் கழுதைக்கும் தன்னைக் குதிரை என்று நினைக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. வெள்ளைக்காரன் காலத்தில், கடன் கட்டாதவர் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யும் அமீனாவாகப் பழனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. (போட்டிருந்தது மாமாவின் கோட்டு. கை விரல் நுனிவரை தொங்கும். அதைக் கம்பீரம் என்று நினைத்தேன்.)

முதல் ஜப்தி வடகவுஞ்சியில், பூண்டு விவசாயி சடையப்பன் வீட்டில். பழனிக் கடைவீதியில் வாங்கிய அரிசிக்குப் பாக்கி. வழக்கு நடந்து தீர்ப்பும் ஆகியிருந்தது. கூட வந்த சேவகர் மலையேற முடியாமல் பின்தங்க, நான் மட்டும் வாடகை மட்டக்குதிரையில் போய் இறங்கினேன்.

"சடையப்பன் வீடு இதுதானா?"

"இதுதாங்க. வாங்க, வாங்க. வெள்ளனே வந்துட்டீகளே! மத்தவுக எங்க?"

"பின்னால வர்றாங்க" என்றேன் விறைப்பாக.

ஜமக்காளம் விரித்தார்கள். பணியாரம் வந்தது. சர்க்கார் என்றால் மலையே நடுங்குகிறது பார் என்று பூரித்து, தட்டைக் காலி செய்தேன். (அன்று கன்னிவாடியிலிருந்து சடையப்பனின் மகள் பேச்சியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்த மாப்பிள்ளை நான்தான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டது எனக்கு எப்படித் தெரியும்?)

பேச்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தேன்.

"எருமை எத்தனை?"

"ரெண்டுங்க. ஒண்ணு கறவை."

"பித்தளை அண்டா?"

"உள்ள கெடக்குங்க."

"இந்தப் பொண்ணு காதுல இருக்கறது தங்கமா?"

சடையப்பனின் முகம் சுண்டியது. "அம்புட்டையும் கேட்டா நாங்க எங்கிட்டுங்க போறது?"

"சட்டப்படி எல்லாம் எனக்குத்தான்" என்றேன். (எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. நான் படித்த லட்சணம் அது.)

பேச்சி காப்பி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "ஏப்பா, எம் மூஞ்சியக்கூடப் பாக்காம அண்டாவ எண்ணுறாரே, இவரு மாப்பிள்ளையா, அமீனாவா?"

"அமீனாதாம்மா" என்றேன்.

பேச்சியின் தாய் காலித் தட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அசல் மாப்பிள்ளை தன் தாயோடு வந்து சேர்ந்தான். பின்னாலேயே நொண்டிக்கொண்டு எங்கள் சேவகர். அந்தத் தாய் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்: "எருமை எத்தனைங்க வச்சிருக்கீக? அண்டா, குண்டா எம்புட்டு போடுவீக?" என்னைவிடத் தேர்ந்த அமீனா. கோட்டுகூடத் தேவைப்படவில்லை.

பேச்சி என்னைக் காட்டினாள். "எல்லாத்தையும் இவருகிட்டயே குடுத்துருப்பா. இவராச்சும் ரசீது குடுப்பாரு."

மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே இறங்கினார்கள். நான் தலை நிமிராமல் பூண்டு மூட்டைகளை மட்டும் ஜப்தி செய்தேன். அவற்றை ஏலம் விட்டதிலேயே கடன் அடைந்து எருமைகள் தப்பின. பேச்சியும் தப்பினாள், பிறகு ஆயக்குடிக்காரர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டார்.

நான்தான் தப்பவில்லை. நான் மலை இறங்கும் முன்பே சேவகர் வழியாகக் கதை பழனிக்கு இறங்கிவிட்டது. பிற்பாடு நான் பெண் பார்க்கப் போன வீட்டில், பாத்திரங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பெண்ணைக் காட்டினார்கள். போன மாதம் எங்கள் மகளைப் பார்க்க வந்தவர்கள் நகைப் பேச்சை எடுத்ததும், உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"முதல்ல வாரண்டைக் காட்டச் சொல்லுங்க."