பாத்திரத்தோடு வாருங்கள்

பிரியாணி தயார், தட்டுதான் வரவில்லை. பாக்குமட்டைத் தட்டு ஏற்றிய ஆட்டோ பெருங்குடி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தட்டு வாங்கலாமென்றால், தௌசீஃப் பசுமைக் கட்சியின் தேனாம்பேட்டைக் கிளைச் செயலாளர். அதற்குக் கட்சியையே கலைத்துவிடலாம்.

ஏற்கெனவே கிளையின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. இன்றைய கூட்டத்துக்கு ஐம்பது பேராவது வராவிட்டால் கிளையை மயிலாப்பூரோடு சேர்த்துவிடுவதாகத் தலைவர் 'பசுமை' பஞ்சாட்சரம் சொல்லியிருந்தார். தலைகளை எண்ண அவரே வருகிறார். பேச்சின் தலைப்பு, 'வளர்ச்சிக்கு ஒரு வரம்பு வேண்டும்'. அதை மட்டும் நம்பினால் ஆகாது என்றுதான், பாவம், தௌசீஃப் பிரியாணிக்குச் சொல்லியிருந்தான்.

மைக்கைப் பிடித்தான். "அவங்கவங்க ஊட்லேர்ந்து பாத்திரம் எடுத்துக்கினு வாங்க!"

வந்தார்கள். அண்டாவோடு வந்தார்கள். வாங்கிய கையோடு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

"பேச்சு கேக்கலியா?"

"ஆறிப் போயிடும், நைனா."

தௌசீஃப் பதறிப்போய் மறுபடியும் மைக்கைப் பிடித்தான். "மீதிப் பிரியாணி பேச்சு முடிஞ்சப்புறம்தான்!"

எதிர்வீட்டுப் பாஞ்சாலி தன் குக்கரை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"எங்கக்கா போற?"

"எடம் போட்டுட்டேன்ல? தண்ணி லாரிக்குக் கொடம் வெக்கிறதில்லியா? பேசி முடிச்சிட்டு ஒரு கொரல் குடு."

கால் மணி நேரத்தில் கூடம் நிரம்பியது. குக்கர், தூக்கு, அடுக்கு, குளிக்கிற பக்கெட் ஒன்று. ஐம்பதுக்கு மேலேயே இருக்கும். தலை மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஆட்களை வரவழைக்க, தௌசீஃப் பாத்திரங்களைத் தரையில் இறக்கினான். வந்தார்கள், வரிசையைக் கலைத்துவிட்டாயே என்று அவனை ஏசினார்கள், பாத்திரங்களை மறுபடியும் நாற்காலியில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

தலைவருக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. அடையாற்றிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர், வழியில் இருப்பார். வாசலிலேயே நின்றான். அவர் வந்து இந்தக் காட்சியைப் பார்த்தால் கிளை அவ்வளவுதான் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே சமையல்காரர் அக்பர் பாஷா, முன்வரிசையில் இருந்த டிபன் கேரியரைத் தூக்கி, மூடியில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வாசல்ல ஏன் தம்பி நிக்கிற? 'தலைவர் பசுமை பஞ்சாட்சரம்'னு பேரு வெட்டிக்கீது. உங்காளு கூட்டத்தோட கூட்டமா வந்து எடம் போட்டுட்டுப் போய்ட்டாரு!"