நாள், நேரம், இடம்

சபைச் செயலாளர் பேனரை இரண்டாம் தடவை படித்தார். முதல் தடவை கண்ணாடி போடாமல் படித்ததால் வந்த குழப்பம் என்று நினைத்திருந்தார். கண்ணாடி போட்டதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"இதோ, இயேசு சீக்கிரம் வருகிறார்!" என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. அதுவரைக்கும் சரி. அதற்குக் கீழே,

நாள்: ஞாயிற்றுக்கிழமை
நேரம்: மாலை 4 மணி
இடம்: நமது சபை வளாகம்
தொடர்புக்கு: செயலாளர்

என்று போட்டு, அவருடைய செல்போன் எண்ணையும் போட்டிருந்தார்கள். இரண்டாயிரம் வருடமாக யாருக்கும் தெரியாத விஷயத்தை பிளெக்ஸ் கடை ஒரே மத்தியானத்தில் அடித்துக் கொடுத்துவிட்டது.

செயலாளர் கடைக்குப் போன் போட்டார். டிசைன் செய்யும் பெண் எடுத்தாள்.

"ஏம்மா, நான் ரெண்டு பேனர் சொன்னேன். ஒண்ணு பேராயர் ஐயா ஞாயித்துக்கிழமை புது வகுப்பறையைத் திறக்க வர்றதுக்கு. இன்னொண்ணு ஆண்டவர் வருகைக்கு. ரெண்டையும் கலந்து வச்சிருக்கியே!"

"நீங்க எழுதிக் கொடுத்த சீட்டுல ரெண்டுக்கும் தலைப்பு 'வருகை'ன்னுதான் சார் இருந்துச்சு. ஒண்ணுல நாள், நேரம் எல்லாம் இருந்துச்சு, ஒண்ணுல இல்ல. நீங்க மறந்துட்டீங்கன்னு நானே பார்த்துப் போட்டேன்."

"அதுக்கு நாள் கிடையாதும்மா!"

"நாள் இல்லாம எப்படி சார் ஜனங்க வருவாங்க?" என்றாள் அவள். அவள் தொழில் அப்படி.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். செயலாளரால் முடியவில்லை. போன வருடம் ஒரு கல்யாண அறிவிப்பில், "மணமக்கள் இருவரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்" என்று, சாவு அறிவிப்பில் போடும் வரியை எழுதிக் கொடுத்தவர் அவர். போதகரும் வேகத்தில் அப்படியே வாசித்துவிட்டார். மணப்பெண்ணின் அம்மா மயங்கி விழுந்தாள். அன்றைக்கே போதகர் சொல்லிவிட்டார், "இன்னொரு தப்பு நடந்தா ஆபீஸ் சாவியை என் கையில கொடுத்துடுங்க" என்று.

பத்தொன்பது வருடமாக இடுப்பில் தொங்கும் சாவி அது. வீட்டுச் சாவியைக்கூட அவர் மனைவியிடம்தான் விட்டு வைத்திருக்கிறார்.

நல்லவேளையாகப் போதகர் வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமைதான் திரும்புவார். அதற்குள் பேனரைக் கழற்றிவிடலாம் என்றால், அதைத் தெருவுக்குக் குறுக்கே இரண்டு கம்பங்களில் கட்டிவிட்டு, கட்டியவர்கள் ஏணியோடு போய்விட்டார்கள். திங்கட்கிழமைதான் வருவார்களாம். சபையில் பல்பு மாட்டும் ஏணி ஒன்று இருந்தது. அதில் ஏறினால் பேனரின் கீழ்ப்பாதிதான் கைக்கு எட்டியது.

"நாள் இருக்கிற இடத்துல ஒரு பேப்பரை ஒட்டிடுங்க" என்றாள் மனைவி.

நல்ல யோசனைதான். வெறும் பேப்பர் மொட்டையாக இருக்குமே என்று, செயலாளர் அதில் தன் அழகான கையெழுத்தில் "பிறகு அறிவிக்கப்படும்" என்று எழுதி ஒட்டினார். அதை அவர் எழுதியிருக்க வேண்டாம்.

பத்து நிமிடத்தில் முதல் போன் வந்தது.

"சார், ஒத்திப்போட்டுட்டாங்களா? நான் திங்கக்கிழமைக்கு லீவெல்லாம் சொல்லிட்டேனே!"

அடுத்தவருக்கு வேறு கவலை. "அவர் வர்றப்போ எக்காளம் ஊதுவாங்கன்னு சொல்றாங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு. கொஞ்சம் மெதுவா ஊதச் சொல்லுங்க."

ஒரு அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள், "பரலோகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போறப்போ குடும்பமாத்தான் போகணுமா, இல்ல நான் மட்டும் போகலாமா?"

செயலாளருக்குத் தலை சுற்றியது. மறுபடி கடைக்குப் போன் போட்டார்.

"அம்மா தாயே, அந்த நாள், நேரத்தை ரத்து பண்ற மாதிரி பெருசா ஒரு ஸ்டிக்கர் அடிச்சு அனுப்பு."

அடித்து அனுப்பினாள். கூட வந்த ஆள் சட்டென்று ஒட்டிவிட்டுப் போயும் விட்டான். செயலாளர் டீ குடித்துவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்தார். "இயேசு சீக்கிரம் வருகிறார்" என்பதற்குக் கீழே, சிவப்பில், "தவிர்க்க முடியாத காரணங்களால் வருகை ரத்து" என்று இருந்தது.

கால் மணி நேரத்தில் உபவாச ஜெபக் குழுப் பெண்கள் ஒன்பது பேர் வாசலில் நின்றார்கள்.

"ரத்துன்னா என்ன அர்த்தம்?" என்று தலைவி கேட்டாள். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முப்பது வருஷமா பட்டினி கிடக்கிறோம். யாரைக் கேட்டு ரத்து பண்ணீங்க?"

"அது ஸ்டிக்கர் தப்புங்க..."

"நீங்க ரத்து பண்றதுக்கு அது என்ன உங்க வீட்டு விசேஷமா?"

செயலாளர் ஏணியில் ஏறி ஸ்டிக்கரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஸ்டிக்கர் வந்தது. அடியில் இருந்த பேப்பரும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி, தூசி துடைத்தது போலப் பளிச்சென்று தெரிந்தது. கீழே நின்ற பெண்கள் "அல்லேலூயா!" என்று கத்தினார்கள். ஒருத்தி போட்டோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் எழுபது போன் வந்தது. எழுபத்தொன்றாவது குரல் ரொம்ப மென்மையாக இருந்தது.

"தம்பி, என் வருகைக்கு நாள் குறிச்சிருக்கீங்களாமே?"

செயலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பேராயர்! "ஆமாங்கய்யா. ஞாயிறு நாலு மணிங்கய்யா. உங்களுக்குத் தெரியுமே?"

"எனக்கே தெரியாதே."

அவருடைய அலுவலகத்தில் சொல்லவில்லை போலிருக்கிறது என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். "ஐயா, எல்லாத் தப்பும் என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சாச்சு. எதுக்கும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். முடிஞ்சா வந்துடறேன்."

போனை வைத்த பிறகுதான் செயலாளருக்கு உறைத்தது. பேராயருக்கே எழுபது வயது. அவருக்கு அப்பா இன்னும் இருக்கிறாரா? நல்ல உடம்பு வாகு போலிருக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை போதகர் வந்து பேனரைப் பார்த்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் சாவியைக் கொடுத்துடுங்க" என்றார்.

செயலாளர் அன்று சாப்பிடவில்லை. சாவியை வெள்ளைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே தெரு நிரம்பிவிட்டது. எப்போதும் நாற்பது பேர் வரும் சபைக்கு அறுநூறு பேர் வந்திருந்தார்கள். சிலர் பெட்டி படுக்கையோடு வந்திருந்தார்கள். ஒருவர் வளர்ப்பு நாயைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்திருந்தார்.

மூன்றரைக்குப் பேராயர் காரிலிருந்து இறங்கினார். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி. வாசலில் நின்ற கூட்டம் அப்படியே முழங்காலில் விழுந்தது. பேராயரின் கண்கள் கலங்கிவிட்டன.

"இவ்வளவு பக்தியான சபையை நான் பார்த்ததே இல்லை" என்று போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் இந்த ஏற்பாடு?"

போதகர் ஒரு நொடி யோசித்தார். "எங்க செயலாளர்தான் ஐயா. தங்கமான மனுஷன்."

செயலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் உள்ளே ஜனங்கள் ஜன்னல் திண்டில்கூட உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் நாலு பேர் வந்தால் சுவர் சாயும் போலிருந்தது. கடைசி நேரத்தில் ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று வாட்ச்மேனிடம் ஓடினார்.

"கேட்டைப் பூட்டு. இனிமே ஒருத்தரையும் உள்ளே விடாதே!"

"யாரா இருந்தாலுமா சார்?"

"யாரா இருந்தாலும்! பேராயரே வந்தாச்சு, இனிமே யார் வரணும்?"

கூட்டம் அமோகமாக முடிந்தது. பேராயர் ரிப்பன் வெட்டினார். வானம் திறக்கவில்லை என்று சிலருக்குக் குறைதான். ஆனால் காபி நன்றாக இருந்ததால் பெரிதாக யாரும் சண்டை போடவில்லை. போதகர் செயலாளரின் இடுப்புச் சாவியைத் தட்டிக்கொடுத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

பேராயரை வழியனுப்பும்போது செயலாளர் பணிவாகச் சொன்னார், "ஐயா, போன்ல சொன்ன மாதிரியே வந்துட்டீங்க. அப்பாவை ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க."

"நான் எப்போ போன் பண்ணேன்?" என்றார் பேராயர். "எங்க அப்பா தவறி முப்பது வருஷம் ஆச்சே."

கார் போய்விட்டது. செயலாளர் நின்ற இடத்திலேயே நின்றார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"சார், சரியா நாலு மணிக்கு ஒருத்தர் வந்து ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே நின்னாரு. உள்ளே இடமில்லை, செயலாளர் ஆர்டர்னு சொன்னேன். 'பரவாயில்லப்பா, அடுத்த தடவை சொல்லாமலே வந்துக்கிறேன்'னுட்டுப் போயிட்டாரு."