காதுக்காரர் வண்டியில் ஒரு கடகடப்பு

கண்ணால் வாழ்கிறவர்கள் உண்டு, வாயால் வாழ்கிறவர்கள் உண்டு. காதால் வாழ்கிறவர்கள் என்று மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பழைய கார் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் ஒரு சத்தம் வைத்திருப்பார்கள். நீங்கள் தப்பித் தவறி அந்தக் காரில் ஏறிவிட்டால், உங்கள் மகனுக்கு வேலை கிடைத்த கதையையோ உங்கள் முழங்கால் வலியையோ பாதிக்கு மேல் சொல்ல முடியாது. "ஒரு நிமிஷம்" என்று ஒரு விரல் உயரும். விரல் உயர்ந்தால் உங்கள் முழங்கால் போயிற்று.

அப்படி ஒருவரைத்தான் சொல்ல வந்தேன். அவருக்குத் தெருவில் காதுக்காரர் என்றே பெயர். சும்மா வந்த பெயரா? வம்சத்திலேயே இருக்கிறது. அவருடைய அப்பா, குழாய் சொட்டுகிற சத்தத்தைத் தேடிக்கொண்டு போய்க் குளியலறைச் சுவரை மூன்று இடத்தில் உடைத்தவர். சொட்டியது பக்கத்து வீட்டுக் குழாய். அப்பாவின் அண்ணன், சுவர்க் கடிகாரத்தின் டிக்-டிக் நொண்டியடிக்கிறது என்று அதைப் பிரித்துப் போட்டவர். அதற்கப்புறம் அந்த வீட்டில் மணியே ஆகவில்லை. அத்தை மகன் ஒருவர், கல்யாணமான புதிதில், மனைவியின் இடது செருப்பில் மட்டும் ஒரு கிறீச் வருவதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த அம்மாள் என்ன பதில் சொன்னாள் என்பதைக் குடும்பத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நம்முடைய காதுக்காரரின் காருக்கு வயது இருபத்திரண்டு. அதற்கு அடியிலிருந்து ஒரு நாள் சத்தம் கிளம்பியது. தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல, கடகட கடகட. அது வந்த நேரம்தான் சரியில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர் மகளுக்கு அந்த வாரம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பேத்தியின் முதல் சவாரி தன் வண்டியில்தான் என்று சம்பந்தியிடமும், மாப்பிள்ளையிடமும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரிடமும், கேட்காதவர்களிடமும்கூட அவர் சொல்லி முடித்திருந்தார்.

அவர் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பும்போது, மகள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக அந்தக் கடகடப்பைக் கேட்டாள். அவளுக்கும் அதே வம்சத்துக் காது அல்லவா? உடனே போன் போட்டாள்.

"அப்பா, சத்தம் நின்னா உங்க வண்டி. நிக்கலைன்னா டாக்ஸி. அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

நீங்களும் நானும் என்றால் என்ன செய்வோம்? மெக்கானிக்கிடம் போய், சத்தம் வருகிறது பாருங்கள் என்போம். இந்த இனம் அப்படிச் செய்யாது. எங்கே என்று தானே கண்டுபிடித்துக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போகும். நோயைச் சொல்வது இவர்கள் வேலை. ஸ்பேனர் பிடிப்பது மட்டும்தான் மெக்கானிக் வேலை.

முதலில் வண்டியைக் காலி செய்தார். ஸ்டெப்னியை எடுத்தார், ஜாக்கியை எடுத்தார், குடையை எடுத்தார், மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்த மனைவியை வளையல்களைக் கழற்றச் சொன்னார். அந்த அம்மாள் வளையல்களோடு தானும் இறங்கிக்கொண்டார். பிறகு மனைவியின் தம்பியை வரவழைத்து, அவர் ஒரு வங்கியில் மேலாளர் என்பதையும் பாராமல், டிக்கிக்குள் படுக்க வைத்து மூடித் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"எங்கேருந்து வருது, சொல்லு" என்று திறந்தவுடன் கேட்டார்.

"எனக்கு மூச்சே வரலை, அத்தான்" என்றார் மேலாளர்.

அந்தப் பதிலை வைத்தே, பின்பக்கம் இல்லை, முன்பக்கம்தான் என்று காதுக்காரர் முடிவு கட்டினார். எப்படி என்று கேட்காதீர்கள். அது காது இருப்பவர்களுக்குத்தான் புரியும்.

பட்டறைக்குப் போனார். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் போய்விட்டது, மாற்றுங்கள் என்றார். மெக்கானிக் அதிகம் பேசாதவர். மாற்றினார். மறுநாள் காலை, கடகட. மறுபடி போனார். சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர் என்றார். அதையும் மாற்றினார். அடுத்த நாள் காலை, கடகட. மூன்றாம் முறை, வெள்ளிக்கிழமை, மெக்கானிக் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றார். இன்ஜினை ஓடவிட்டால், அது கோயில் குளம்போல் அமைதியாக நிற்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இல்லை, விட்டாலும் இல்லை. மற்ற வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்காரருக்கு, பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடத் தெரியும் என்று கூட்டிப்போன பிள்ளை மேடையில் வாய் திறக்காமல் நின்றால் வருகிற கோபம் வந்தது.

அவர் செய்த காரியம் இதுதான். பட்டறை வீட்டிலிருந்து இரண்டு தெருத் தள்ளி. ஆனால் அவர் நேராக வந்ததே இல்லை. சத்தம் நன்றாகப் பழுத்து வர வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஊரை ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, முக்கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்துதான் மெக்கானிக் முன்னால் நிறுத்தினார். வழியில் சத்தம் அடங்கினால், பதுங்குகிறது என்று எண்ணிக்கொண்டார்.

இதை அவரே பெருமையாகச் சொன்னதும், மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க சார். காலையில ஆறினதும் நான் பாக்கறேன்."

"நான் இல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க இல்லைன்னாதான் சார் தெரியும்."

விட்டுவிட்டு வருவதற்கு அவர் பட்ட பாட்டை என்னென்று சொல்வது! பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டு வந்தபோதுகூட இத்தனை தடவை திரும்பிப் பார்க்கவில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறார்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் ஆறிக் கிடந்த வண்டியைக் கிளப்பினார். கடகட என்றது. அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமலிருக்க அதன்மேல் போர்வை மாதிரி ஒரு மெல்லிய தகரம் இருக்கிறது. அதைப் பிடித்திருந்த போல்ட் துருப்பிடித்து அறுந்துபோயிருந்தது. ஆறியிருக்கும்போது தகரம் ஆடும். சூடானால் விரிந்து, இறுகி, வாயை மூடிக்கொள்ளும். சுற்றி ஒரு கிளாம்ப் போட்டு முறுக்கினார். ஐந்து நிமிஷ வேலை. காதுக்காரர் வந்து கேட்டார், பக்கவாட்டில் நின்று கேட்டார், தரையில் முழங்காலிட்டுக் கேட்டார். சத்தம் இல்லை. இந்தத் தகரத்தின்மேல் தனக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மருத்துவமனை வாசலில் வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. மாப்பிள்ளை வீட்டைத் திறந்து வைக்க பைக்கில் முன்னால் போய்விட்டார். பின்சீட்டில் மகள், அவள் கையில் பேத்தி, பக்கத்தில் குழந்தையின் சாமான் பையோடு மனைவி. வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. "பரவாயில்லையேப்பா" என்றாள் மகள். அந்த ஒரு வார்த்தைக்காக அல்லவா அவர் அந்த வாரம் முழுக்க அலைந்தார்? சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே?

இருக்க முடியுமா? காதுக்கு வேலை இல்லாமல் போய்விட்டதே. ஒரு தெரு பொறுத்தார், இரண்டு தெரு பொறுத்தார். மூன்றாவது திருப்பத்தில், டிக். கொஞ்சம் கழித்து இன்னொரு டிக்.

விரல் உயர்ந்தது.

"ஏங்க, வேண்டாம்" என்றார் மனைவி.

"ஒரு நிமிஷம்மா. நீ குழந்தையக் கொஞ்சம் அந்தப் பக்கம் மாத்தி வச்சுக்கோ. எடை மாறினா தெரிஞ்சுடும்."

"மூணு கிலோப்பா இவ" என்றாள் மகள்.

"அதான் சொல்றேன். அந்த மூணு கிலோ ஏறினதுக்கு அப்புறம்தான் வருது."

ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். பானெட்டைத் தூக்கி இன்ஜினை உறுமவிட்டார். குழந்தை விழித்து வீரிட்டது. அவர் பானெட்டுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, இரண்டே நிமிஷம் அழாமல் இருக்கச் சொல்லு என்றார். அவர் மறுபடி தலையை உள்ளே விட்டபோது, மகள் இறங்கி, எதிரே வந்த டாக்ஸிக்குக் கை காட்டினாள். குழந்தையின் பையைத் தூக்கிக்கொண்டு மனைவியும் அதிலேயே ஏறிக்கொண்டார்.

பேத்தியின் முதல் சவாரி முன்னால் போயிற்று. தாத்தா பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார், காதைத் தீட்டிக்கொண்டு. டிக் வரவில்லை. எப்படி வரும்? குழந்தையின் பைக்குள் பால் புட்டி வெந்நீர் பிளாஸ்க்கில் இடித்துக்கொண்டிருந்தது. டாக்ஸியில் அது மறுபடி டிக் என்றதும், மனைவி நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்தார், நின்றுவிட்டது. இந்த விஷயத்தை அந்த அம்மாள் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் நேற்றுக்கூட டிக்கியைக் காலி செய்துவிட்டு மச்சினனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் நிஜமாகச் சொல்லுங்கள். நான் பால் புட்டி என்று சொல்வதற்கு முன்பே, "இது வீல் பேரிங்தான், எனக்குத் தெரியாதா" என்று உங்களுக்குள் யாரோ சொன்னார்களா இல்லையா? இப்போதுகூட, பால் புட்டியாக இருக்க முடியாது என்று தோன்றுகிறதா? அப்படியானால், உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது சொல்ல வந்து பாதியில் நிறுத்தியிருப்பார்கள். அந்த விரலைக் கீழே இறக்கிவிட்டு, என்னவென்று கேளுங்கள்.