பேட்டி நைனாவும் என் லாரிகளும்

எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனையும் வாய் திறக்க வைக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பேட்டி நைனாதான். ஒரே குறை, அவர் கேட்டு முடிப்பதற்குள் நமக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிடும்.

சென்னை எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் வாசலில் நைனா காவலாளி. லாரி எண், டிரைவர் பெயர், சீல் எண் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆனால் நைனா டி.வி. பேட்டி ஒன்று விடாமல் பார்ப்பவர். பார்த்தோமா, படுத்தோமா என்று இருக்கமாட்டார். மறுநாள் அதே பாணியை டிரைவர்களிடம் செய்து பார்ப்பார். நானோ ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலுக்கு அனுப்பும் ஆபீஸில் குமாஸ்தா. என் லாரிகளெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் துறைமுகம் போக வேண்டும். என் தலையெழுத்து.

கேள்வியிலேயே பதிலையும் சொல்லிவிட்டு, 'அப்படித்தானே?' என்று முடிக்கும் தொகுப்பாளர் ஒருவர். அந்த வாரம் நைனா எல்லா டிரைவரையும், "உன் பேரு முருகன், அப்டித்தானே?" என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். ரிஜிஸ்டரில் பதினோரு முருகன். அடுத்தது, விருந்தாளி வாய் திறக்குமுன்பே விழுந்து விழுந்து சிரிக்கும் அம்மையார். நைனா சிரித்த சிரிப்பில் ஒரு டிரைவர் இறங்கிப்போய் லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, அம்மா பேச்சை எடுத்து அழவைப்பவர். அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மீசைக்காரர்களெல்லாம் வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, லாரி வரிசை சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலடிப்பேட்டையைத் தொட்டது.

நான் கத்தினால் கோபிக்கவும் மாட்டார். "இந்த டி.வி. ஆளுங்கல்லாம் வேஸ்ட்டு மாமு. கேட்டுட்டு வாய மூடிகினு இருக்கணும். அவன்தான் கில்லாடி," என்பார். அப்படி ஒரு தொகுப்பாளர் இருந்தாராம். பார்க்க ஆளில்லாமல் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்களாம். சொந்தக்காரர் செத்த மாதிரி சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஓசூரிலிருந்து வந்த கன்டெய்னர் ஒன்று ஐந்து மணிக்குள் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும், என் வேலையும் கூடவே போகலாம். மணி மூன்று. நானே வாசலுக்கு வந்து நின்றிருந்தேன். நைனா டிரைவரை நிமிர்ந்து பார்த்து, "எப்ப தூங்கின?" என்றார். நேற்று என்றார் டிரைவர். நைனா எழுதவில்லை. டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எனக்கு ரத்தம் கொதித்தது. திடீரென்று டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, மூன்று நாளாகக் கண் மூடவில்லை என்றார். நைனா கையை நீட்டினார். டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

திட்டினேன், கெஞ்சினேன்.

"இவன் இப்டியே ரோட்டுக்குப் பூட்டான்னா, எதிர்ல வர்றவன் இன்னா ஆவறது?" என்றார் நைனா.

டிரைவர் காவலாளி அறை பெஞ்சில் குறட்டை விட்டார். நான் வேறு டிரைவரைப் பிடித்து வந்தபோது மணி ஐந்தரை. கப்பல் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை யார்டு மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். லாரியை நைனா நிறுத்தியதால்தான் தாமதமா, ஆமாம் என்றால் இன்றோடு அவரை அனுப்பிவிடுகிறேன் என்று என்னைக் கேட்டார். இரண்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன்.

"பேப்பர்ல தப்பு சார். என் தப்புதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆபீஸில் வேலை தப்பியது. வாங்கிய திட்டு மட்டும் வாரம் முழுக்க நீடித்தது. மேனேஜர் அறையைவிட்டு வெளியே வந்ததும் நைனா என் தோளைத் தொட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேனேஜர் கேட்ட விதம் சரியில்ல மாமு. இன்னும் ரெண்டு நிமிசம் உன்னையே பாத்துகினு இருந்தாருன்னா, உண்மைய கக்கியிருப்ப."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் அந்த வாசலில் என் லாரிகள் அரை மணி நேரம் நிற்கின்றன. நானும் நின்று கத்துகிறேன். நைனா லீவு போடும் நாளில் மட்டும் ஒரு நிமிடத்தில் கதவு திறந்துவிடுகிறது. அன்றைக்கெல்லாம், வண்டியை எடுத்துப்போன மனுஷன் தூங்கினானோ இல்லையோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நைனா எப்போது வருவார் என்று இருக்கிறது.