கோதுமை நுழையாத வீடு

ரத்தப் பரிசோதனைத் தாளை மனைவி மேசைமேல் வைத்ததும் பைண்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எண் இறங்கவில்லை. ஏறியிருந்தது.

"போன தடவை பாதியா குறைஞ்சிருந்ததே," என்றார்.

"அப்ப நான் பார்த்துக்கிட்டேன். இந்த மூணு மாசமா நீங்க பார்த்துக்கறீங்க," என்றாள் மனைவி. குத்திக்காட்டவில்லை, அலுப்பில்தான் சொன்னாள்.

அவள் பேருந்து ஓட்டுகிறவள். அந்தப் பணிமனையில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்த பெண் தன் மனைவிதான் என்பதைப் பைண்டர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் ரத்தசோகையில் பணிமனையிலேயே மயங்கி விழுந்தாள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், சீலியாக் நோய் என்றார். கோதுமை, ரவை, மைதா, பார்லி எல்லாவற்றிலும் க்ளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். துளி உள்ளே போனாலும் அவள் குடல் புண்ணாகிவிடும், ரத்தப் பரிசோதனையில் அந்த எண் ஏறிவிடும். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம்தான். இப்போதைக்கு அவளை டிக்கெட் கவுண்டரில் உட்காரவைத்திருந்தார்கள். அடுத்த பரிசோதனையிலும் எண் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

பைண்டருக்கு இது மானப் பிரச்சினை. முப்பது வருஷமாக வீட்டு முன்னறையில் புத்தகம் பைண்ட் செய்கிறார். அவர் ஒட்டிய அட்டை இதுவரை கழன்றதில்லை. கடைப் பசையைக் கையால்கூடத் தொடமாட்டார். அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்குள் அவர் கண்ணில் படாமல் கோதுமை நுழைகிறது என்றால் என்ன அர்த்தம்?

இந்த மூன்று மாதத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. சமையலறையில் இருந்த மாவு, பிஸ்கட் எல்லாம் வெளியே போயின. டோஸ்டர் எதிர்வீட்டுக்குப் போனது. மரக்கரண்டிகளின் விரிசலில் பழைய மாவு ஒளிந்திருக்கும் என்று அவற்றையும் தூக்கிப் போட்டார். மிச்சம் இருந்த ஒவ்வொரு டப்பாவிலும் அச்சடித்த மாதிரி தன் கையெழுத்தில் 'க்ளூட்டன் இல்லை' என்று எழுதி லேபிள் ஒட்டினார்.

"இன்னும் கண்டிப்பு போதலை," என்று இப்போது முடிவுகட்டினார்.

மறுநாள் அவள் கரண்டியின் காம்பில் லேபிள் ஏறியது. தண்ணீர் பாட்டிலின் வாய்க்குக் கீழே ஒன்று. சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கு மேலே ஒன்று, உள்ளே ஒன்று.

"உள்ள எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"திறக்கறப்ப உன் கண்ணுல படணும்ல?"

சுடுசோற்றின் ஆவியில் உள்மூடி லேபிள் ஊறித் தொங்கியது. விடுவாரா? மறுநாள் இரண்டு பூச்சு பூசி ஒட்டினார். அப்புறம் அசையவில்லை.

அதோடும் நிற்கவில்லை. எதில் கோதுமை ஒளிந்திருக்கும் என்று இருநூறு பக்கத்துக்கு எழுதி, தோல் முதுகு வைத்து, பொன்னெழுத்தில் அவள் பெயரைப் பொறித்து ஒரு கையேடு பைண்ட் செய்து கொடுத்தார். அவர் ஆயுசில் செய்ததிலேயே அழகான புத்தகம் அது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் சாப்பாட்டு வேளையில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினாள்.

பத்தே நாளில் அவள் வயிறு பானை மாதிரி உப்பியது. கவுண்டரில் பாதி நேரம் நாற்காலி காலியாகக் கிடந்தது.

பைண்டர் கூடாத ஒரு காரியம் செய்தார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் கைப்பையைக் கவிழ்த்தார். அடியில், சாப்பாட்டு டப்பா இருந்த இடத்தில், வெள்ளையாகக் காய்ந்த செதில்கள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, மாவுதான். எங்கேயோ ரொம்ப நாள் பழகிய மாவு போலக்கூட இருந்தது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவளிடம் உள்ளங்கையை நீட்டினார்.

"இது என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பிஸ்கட் தூளு. எனக்குத் தெரியாம தின்னிருக்கே."

அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

"இருபது வருஷமா தினம் அறுபது பேர் உசிரை என்னை நம்பிக் குடுத்தாங்க. நீங்க ஒரு பிஸ்கட் விஷயத்துல நம்ப மாட்டேங்கறீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் பேசவில்லை. பைண்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் செதில்களைக் காகிதத்தில் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் பத்தியம் எழுதிக் கொடுத்த டயட்டீஷியனை வீட்டுக்கே அழைத்தார். வீட்டைப் பார்த்துவிட்டு யார் பக்கம் தப்பு என்று அவரே சொல்லட்டும்.

டயட்டீஷியன் வந்து அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தார். பற்பசை, மாத்திரை, உதட்டுச் சாயம் எதையும் விடவில்லை. கடைசியில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்ல சார். போட்டோ எடுத்துக்கட்டுமா? மத்த குடும்பங்களுக்குக் காட்டலாம்."

பைண்டர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு லேபிள்களுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அந்த நிமிஷம் அவரைப் பிடிக்க ஆளில்லை.

"வீட்டுல குறை இல்லன்னா," என்று டயட்டீஷியன் தயங்கி, மனைவி பக்கம் திரும்பினார், "வெளியில ஏதாவது..."

மனைவி கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பைண்டருக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, டயட்டீஷியன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து உள்மூடி லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தினம் ஆவி படுது, கழுவறீங்க, அப்படியும் உரியலையே. என்ன பசை சார்?"

"என் சொந்தக் கைப்பக்குவம்," என்றார் பைண்டர். இரண்டு நாளாகத் தொங்கிய முகம் நிமிர்ந்தது. "இந்த அடுப்புலதான் நானே காய்ச்சறேன். அது தொழில் ரகசியம், யார்கிட்டயும் சொன்னதில்ல."

அப்போது வாசலில் தொப்பென்று ஒரு மூட்டை இறங்கியது. மளிகைக் கடைக்காரர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பைண்டர் சார், லேபிள் ஒட்டப் பசை பத்தலைன்னீங்களே, இந்தத் தடவை மைதா அஞ்சு கிலோவா கொண்டாந்துட்டேன்."