ஏழு கோல் விட்ட மனிதர்

தான் தோற்ற கதையைச் சொல்லியே ஒரு தொழிற்சாலை முழுவதையும் வருடக்கணக்காகச் சிரிக்க வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரை நாங்கள் ஏழு என்று கூப்பிட்டோம். அயர்லாந்து நாட்டுக்காக ஒரேயொரு உதைபந்தாட்டப் போட்டியில் கோல் காத்தவர். அந்த ஒன்றில் ஏழு கோல் விட்டவர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

எழுபதுகளின் நடுவில் நான் சிட்னிக்கு வந்து, பரமட்டாவுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் கட்டிட வரைபடம் கீறும் படவரைஞராக இருந்தவன். இங்கே என் சான்றிதழை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆணி, பெயின்ற் எல்லாம் வைத்துக் கொடுக்கும் களஞ்சியத்தில் ஏழுவுக்குக் கீழே உதவியாளாகப் போட்டுவிட்டார்கள். முதல் நாள் காலை உள்ளே கால் வைத்தேன்.

"கோட்டைத் தாண்டாதையும்" என்றார் ஏழு.

குனிந்து பார்த்தேன். அவருடைய மேசையைச் சுற்றித் தரையில் வெண்கட்டியால் பெரிய நீள்சதுரம் கீறியிருந்தது. கோல் காப்பாளருடைய எல்லையாம். மனேஜரே வெளியில் நின்றுதான் ஆணி கேட்பார். ஏழு ஆணிப் பெட்டியை எறிவார். ஏந்தத் தெரியாதவர்கள் தரையில் பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

அவர் பேசியது ஐரிஷ் ஆங்கிலம். மூன்று மாதம் எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கத் தொடங்கிய பிறகு அது ஏனோ யாழ்ப்பாணத் தமிழாகவே என் காதில் விழுந்தது. அப்படியேதான் எழுதுகிறேன்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவரின் ஆறாவது பிள்ளை அவர். பதினேழு வயதில் இங்கிலாந்துக்குப் போய், வடக்கில் ஒரு மூன்றாந்தரக் கழகத்துக்காக ஒன்பது வருடம் சேற்றுக்குள் விழுந்து எழும்பினார். அயர்லாந்து அணி ஹங்கேரிக்குப் போகவேண்டியிருந்த நேரம், அதன் கோல் காப்பாளருக்கு விரல் முறிந்தது. அடுத்தவருக்கு ஹங்கேரியில் போய் இறங்கியதும் வயிற்றோட்டம். மூன்றாவதாக ஒருவர் இருக்கட்டும் என்று கடைசி நிமிடத்தில் கூட்டிக்கொண்டு போயிருந்த ஏழு, மற்றவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். சட்டை முழங்கால் வரை இருந்ததாம். அந்தக் காலத்து ஹங்கேரி எந்த நாட்டையும் துவைத்துக் காயப்போடுகிற அணி. அதற்குப் பிறகு ஏழுவை ஒருவரும் கூப்பிடவில்லை. முழங்காலும் கைவிட்டதும் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

அந்த ஏழு கோலையும் அவர் சொல்லக் கேட்கவேண்டும். மூன்றாவது கோல் உள்ளே போக இரண்டு விநாடி எடுத்திருக்கும். அதைச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். தகரப் பெயின்ற் பேணிகளைப் பின்வரிசை வீரர்களாக அடுக்குவார். என்னையும் ஒரு மூலையில் நிறுத்துவார். பந்து வந்து, வளைந்து, உள்ளே போகும். போனதும் என் பக்கம் திரும்புவார்.

"அந்தாளைப் பிடியும் எண்டு உமக்கு அப்பவே கத்தினனான். கேட்டனீரே?"

அந்த ஆட்டம் நடந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பு. ஆனாலும் இரண்டொரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

எதுவும் தரையில் விழ அவர் விடமாட்டார். கம்பனியின் பெரிய டைரக்டர் ஒருமுறை களஞ்சியத்தைப் பார்க்க வந்தார். பேச வாயைத் திறந்ததும் புகைக்குழாய் நழுவியது. ஐம்பது வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு மேசைக்கு மேலால் பாய்ந்து, எரிகிற குழாயை நிலத்துக்கு நாலு விரற்கடை மேலே வைத்துப் பிடித்தார். நாடி தரையில் இடிபட்டு வெடித்து இரத்தம் வந்தது. டைரக்டர் பதறிப்போய் ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"கோட்டைத் தாண்டேல்லை, சேர்" என்றார் ஏழு.

அடுத்த வருடம் மங்கை, என் மனைவி, ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். ஏழுவைச் சாப்பிடக் கூப்பிடப் போவதாகச் சொன்னேன். அவளுக்குப் பெயரே பிடிக்கவில்லை.

"ஏழரைச் சனியிலை அரையை மட்டும் வெளியிலை விட்டிட்டு வாறார் போலை கிடக்கு. ஏழு கோல் விட்டவரை ஏன் இப்பிடித் தலையிலை தூக்கி வைக்கிறியள்?"

ஏழு வந்தார், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. இடியப்பத்தைக் கையில் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். கோல் வலை இவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தால் பந்தை வெளியில் எடுக்கச் சிரமப்பட்டிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் பதினான்கு இடியப்பம் சாப்பிட்டார். மங்கை குசினிக்குள் போய் மறுபடி மா குழைத்தாள். முகத்தை மட்டும் இறுக்கமாகவே வைத்திருந்தாள்.

எல்லாம் அந்த வருடக் கடைசியில், யேசு பிறப்புக்குத் தொழிற்சாலையில் வைத்த நத்தார் விருந்தில்தான் குழம்பியது. எங்களை மேற்பார்க்கும் போர்மனுக்கு ஏழுவின் கதை எப்போதுமே செரிக்காது. எங்கேயோ நூலகத்தில் தேடி, ஒரு பழைய விளையாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். அதில் அந்த ஹங்கேரி ஆட்டம் இருந்தது. ஏழு கோலும் இருந்தது. அயர்லாந்தின் கோல் காப்பாளர் என்ற இடத்தில் வேறொரு பெயர் இருந்தது.

போர்மன் அதை எல்லோருக்கும் உரத்து வாசித்தார். ஆட்டத்துக்கு முதல் நாளே பட்டியலை அச்சடித்துவிட்டார்கள், அது வயிற்றோட்டக்காரருடைய பெயர் என்று ஏழு சொன்னார். சிரித்தார்கள். மற்ற நாட்களில் அவரோடு சேர்ந்து சிரிப்பவர்கள்தான். அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏழு என் பக்கம் திரும்பினார். "நீரும் நம்பேல்லையோ?"

நம்புகிறேன் என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். நான் புத்தகத்தைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். அதற்குள் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

விடுமுறை முடிந்து வந்தபோது வெண்கட்டிக் கோட்டைக் காணவில்லை. ஈரத் துணியால் அவரே துடைத்திருந்தார். ஆணிப் பெட்டியை மேசைக்கு மேலால் மெதுவாகத் தள்ளிவிட்டார். யார் வந்தாலும் பொருளின் இலக்கத்தைக் கேட்டார், கையெழுத்து வாங்கினார், அவ்வளவுதான். ஒரு கிழமை போனது, இரண்டாவதும் போனது. கடைசல் பகுதியிலிருந்து ஒருவன் வந்து, இண்டைக்கு நாலாவது கோல் இல்லையா என்று கேட்டான். உண்மையாகவே ஆசையாகத்தான் கேட்டான். அவனிடமும் ஏழு இலக்கத்தைத்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்று திருகாணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெயின்ற் அடிக்கும் பகுதியில் லாசி என்றொருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். தனியாக இருந்து சாப்பிடுவார், ஆங்கிலம் குறைவு. அவர் ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கக் களஞ்சியத்துக்கு வந்தார். ஏணியில் நின்று எடுக்கும்போது என் கை தட்டி, மேல்தட்டிலிருந்து ஒரு பேணி சரிந்தது. ஏழு தன்னை மறந்துவிட்டார். இடப்பக்கமாக ஆள் கிடையாக நீண்டு, விரல் நுனியால் அதைத் தட்டி, மறுகையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். எழும்பி, சட்டையைத் தட்டிவிட்டு, வெட்கப்பட்டவர் மாதிரி உள்ளே போனார்.

லாசி அசையாமல் நின்றார். இந்த மனிதர் முன்பு என்ன வேலை செய்தவர் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். எந்த ஊர் மைதானம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். நான் ஆயிரம் தடவை கேட்ட பெயரல்லவா. லாசி மண்ணெண்ணெயை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவர் எழும்பி நின்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினார். தான் ஹங்கேரிக்காரன் என்றார். அது தன்னுடைய ஊர் மைதானம், அன்றைக்குத் தான் அந்தக் கோலுக்குப் பின்னால் நின்றதாகச் சொன்னார். நீளச் சட்டை போட்ட ஒருவன் கோல் காத்தான் என்றார். முதலில் நாங்கள் எல்லோரும் அவனைக் கூவிக் கேலி செய்தோம். பிறகு கேலியை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினோம் என்றார்.

போர்மன் ஏழு விரலைக் காட்டினார்.

"ஏழு போனது புத்தகத்திலை கிடக்கு" என்றார் லாசி. "போகாமல் அவர் பிடிச்சதை நாங்கள் எண்ணினனாங்கள். பதின்மூண்டு. ஆட்டம் முடிய எங்கட சனம் எழும்பி நிண்டு கை தட்டினது அவருக்குத்தான்."

எல்லோரும் ஏழுவைப் பார்த்தோம். அவர் கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பதினொண்டு" என்றார். "ரெண்டு கம்பத்திலை பட்டது."

முதலில் கை தட்டியவர் போர்மன் என்பதையும் சொல்லவேண்டும். கை தட்டிவிட்டு, நேரே போய்த் தன் தேநீர்க் கோப்பையை ஏழுவின் முன்னால் வைத்தார்.

அன்றிலிருந்து ஏழுவும் லாசியும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். இரண்டு விதமான ஆங்கிலத்தில் ஐந்தாவது கோலைப் பற்றி ஓயாமல் சண்டை பிடித்தார்கள். நான் ஒருநாள் ஏழுவைத் தனியாகப் பிடித்து, நத்தார் விருந்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீர் கொஞ்சம் பிந்திப் பாய்ஞ்சனீர். பிடிச்சிட்டீர்தானே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஒருவழியாக என் சான்றிதழை ஏற்றுக்கொண்டு மெல்பேர்னில் படவரைஞர் வேலை தந்தார்கள். புறப்படுமுன் ஏழுவிடம் அவருடைய படம் ஒன்று கேட்டேன். விளையாடிய காலத்துப் படம் ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவுக்கு வரும்போது எடுத்த கடவுச்சீட்டுப் படத்தில் ஒரு பிரதி தந்தார். சிரிக்காமல், கழுத்துப்பட்டி கோணலாக இருக்கும் படம்.

மங்கை அதை எங்கள் ஆல்பத்தில் ஒட்டினாள். என் அப்பாவுக்கும் அவளுடைய மூத்த அண்ணனுக்கும் நடுவில். எங்கள் மகள் வளர்ந்த பிறகு ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, யார் இந்த வெள்ளைக்காரர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் கதையைத் தொடங்க வாயெடுத்தேன். மங்கை முந்திக்கொண்டாள்.

"அது எங்கட ஆள், பிள்ளை."