கல்லடி வாவியில் ஜப்பான் ரயில்

ரயிலின் மூக்கு வாசலுக்கு வெளியே வரவில்லை.

நோபேட் உள்ளே நின்று தள்ளினான். வெளியே நின்று இழுத்தவன் அவன் மனைவி ஜோசப்பினின் தமையன் சில்வெஸ்டர். மூங்கிலை வளைத்து, மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி ஆணியடித்துச் செய்த அந்த மூக்கு, கதவு நிலையில் இறுகிப்போய் நின்றது.

"வீட்டுக்குள்ள வெச்சு ஏன்டா செஞ்ச?" என்றான் சில்வெஸ்டர்.

"வெளியில வெச்சா ஆக்கள் பாத்துப்போடுவாங்க, மச்சான்."

"பாக்கத்தானேடா செய்யிற?"

"விழா அண்டைக்குப் பாக்கட்டும்."

நோபேட் மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுப்பவன். முந்தைய வருடம் ஜப்பானில் ஓடத் தொடங்கிய புதிய ரயிலின் படத்தைப் பத்திரிகையில் கண்ட நாள் முதல் அவனுக்கு வேறு பேச்சில்லை. டிக்கட்டைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே விளக்குவான்.

"மணிக்கு நூத்திமுப்பது மைல் ஓடும். மூக்கப் பாருங்க, பிளேனுட மூக்கு மாதிரி. காத்து முட்டாம வழுக்கிப் போகட்டும் எண்டு அப்பிடி வளைச்சிரிக்கிறாங்க. இது நமக்கு இருந்தா, இஞ்ச ஏறிக் கொழும்பில இறங்க ரெண்டு மணித்தியாலம் போதும்."

வரிசையில் நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுடைய ரயில் எப்படியும் சுணங்கித்தான் வரும். அதுவரை கேட்டுக்கொண்டிருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

அந்த வருட வாவி விழாவில் தோணி அலங்காரப் போட்டிக்கு நடுவராக வருபவர் ஒரு ஜப்பான்காரர் என்று தெரிந்ததும் நோபேட் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். மீன்பிடித் தொழில் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் ஹமாதா என்பவராம்.

"தன்ட நாட்டு ரயில் நம்மட வாவியில வாறதக் கண்டு மனுசன் கதிரையில இருந்து ஒழும்பி நிப்பான், பாருங்க" என்று நிலையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பெட்டி தூக்குபவர்கள் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை அதைப் பார்ப்பதற்காகவே விழாவுக்கு வருவதாக இருந்தார்கள்.

இப்போது மூக்கே வாசலைத் தாண்டவில்லை.

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் தட்டுவம்" என்று சொல்லி சில்வெஸ்டர் உலக்கையைத் தேடி எடுத்தான். அவன் பஸ் ஓட்டுபவன். எதையும் பலத்தால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன்.

மூக்கு வெளியே வந்தது. ஆனால் உருண்டையாகப் போனது ஒடுங்கி வந்தது. கீழே தகரம் நீளமாகக் கிழிந்து பிளந்திருந்தது. நோபேட் படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஜோசப்பினுக்கு மனம் கேட்கவில்லை. "கிழிஞ்ச விளிம்ப மடிச்சுப்போட்டு சிவப்பு பெயின்ட் அடிப்பம். தெரியாது" என்றாள்.

சிவப்பு அடித்தார்கள். நன்றாகவே தெரிந்தது.

ரயில் வெள்ளையும் நீலமும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பாதி அடிப்பதற்குள் வெள்ளை தீர்ந்துபோனது. பாறூக்கின் கடைக்கு ஓடினான் நோபேட்.

"வெள்ள இல்ல தம்பி. கூரைக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்ட்தான் இரிக்கு" என்றார் பாறூக். "தூரத்தில நிண்டு பாத்தா ரெண்டும் ஒண்டுதான்."

ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற தகரத் துண்டுகளில் வெள்ளிப் பெயின்ட் பட்டதும், அவை வெயிலில் அடுக்கடுக்காக மினுங்கத் தொடங்கின. நோபேட் அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். பிறகு இன்னும் தள்ளி நின்று பார்த்தான்.

ஏறாவூர்ச் சாலிஹ் காக்கா தன் இரண்டு தோணிகளைப் பிணைத்துத் தந்தார். ரயிலை ஏற்றியதும் முன்பக்கம் தாழ்ந்து தோணி வட்டமடித்தது.

"பின்னுக்கு அகலமா ஒரு பலகைய நிமித்திக் கட்டுங்க தம்பி. நேராப் போகும்" என்றார் சாலிஹ் காக்கா.

கட்டினார்கள். நேராகப் போனது. துடுப்புப் போடும்போது பலகை மட்டும் இடமும் வலமுமாக ஆடியது.

"மச்சான், ஹோன் இல்லாம என்ன ரயில்?" என்று சில்வெஸ்டர் தன் பழைய பஸ்ஸின் ரப்பர் ஹோனைக் கொண்டுவந்து மூக்குக்குள் பொருத்தினான்.

விழா நாள் பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நிற்க இடமில்லை. நோபேட் சலவை செய்த தன் ரயில்வே உடுப்புடன் நடுவில் நிமிர்ந்து நின்றான். பின்னால் ஜோசப்பின் இருந்தாள். சாலிஹ் காக்கா துடுப்புப் போட்டார். மேடை தெரிந்ததும் சில்வெஸ்டர் ஹோனை அமுக்கினான். ஹோனுக்குள் தண்ணீர் போயிருந்தது. வாவியின் அடியிலிருந்து யாரோ முனகுவதுபோல் ஒரு நீண்ட ஓசை எழுந்தது.

பாலத்திலிருந்து பெரும் ஆரவாரம் கேட்டது. மேடையில் ஹமாதா கதிரையிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

"ஒழும்பிட்டார் மச்சான்" என்றான் நோபேட். "நான் சொன்னேன்தானே."

ஒலிபெருக்கி கரகரத்தது. "நடுவர் அவர்களின் முடிவின்படி முதற் பரிசு பெறுவது, நிலா இரவுகளில் வாவியின் அடியிலிருந்து பாடும் நமது புகழ்பெற்ற பாடும் மீன்."

நோபேட் சுற்றிலும் பார்த்தான். "பாடும் மீனா? அது எந்தத் தோணி?"

சாலிஹ் காக்கா துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவந்த வாய், வெள்ளிச் செதில், ஆடும் வால். ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்ததும் நோபேட்டின் முகம் விழுந்துவிட்டது.

"கப்ப வாங்கிட்டு வாடா" என்று காதோடு சொன்னான் சில்வெஸ்டர். "மீன் எண்டா என்ன, மாடு எண்டா என்ன. முதல் பரிசுதானே."

நோபேட் மனைவியைப் பார்த்தான்.

"நீங்க செஞ்சது என்னெண்டு உங்களுக்குத் தெரியும். அதச் சொல்லிட்டு வாங்க" என்றாள் ஜோசப்பின்.

அவன் தோணியிலிருந்து இறங்கி மேடையில் ஏறினான். நீட்டிய கப்பைத் தொடாமல் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"மன்னிக்கணும். இது மீன் இல்ல. ஜப்பானில ஓடுற புது ரயில். பரிசு மீனுக்கு எண்டா எனக்கு வேணாம்."

பாலத்திலிருந்து யாரோ கத்தினார்கள்: "ஜப்பான்காரருக்கே விளங்கல்லயே, நோபேட்."

கரை முழுக்கச் சிரித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நோபேட் தலையைக் குனியவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்று, மூக்கு ஏன் அப்படி வளைந்திருக்கிறது, காற்று எப்படி வழுக்கிப் போகிறது, உலகத்திலேயே வேகமான ரயில் எப்படி ஆசியாவில் ஓடுகிறது என்று, டிக்கட் ஜன்னலில் சொல்வதுபோலவே முழுவதும் சொல்லி முடித்தான். கடைசியில் யாரும் சிரிக்கவில்லை.

ஹமாதா மெதுவாக மேடையை விட்டு இறங்கினார். சப்பாத்தோடு முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், ஒடுங்கிய மூக்கை உள்ளங்கையால் தடவினார். மறுபக்கம் போய் நின்றும் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

நோபேட் பின்னால் ஓடிவந்தான். "பிழை இருந்தா சொல்லுங்க ஐயா. நீங்க எத்தினை தரம் ஏறின ரயில்."

ஹமாதா திரும்பினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கல்லடி மீனவர்களிடம் பழகிய தமிழில் சொன்னார்:

"நான் ஊர விட்டு இஞ்ச வரக்குள்ள அதுக்குத் தண்டவாளம்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க தம்பி, இண்டைக்குத்தான் முதல் முதலாக் காணுறன், ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?"